பட்டாளத்துப் பாலம் ஒண்ணு குடுங்க

தம்பி,

இன்றைக்கும் கண்டக்டர் என்னிடம் எங்கே என்று கேட்கவில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, நீ சொல்லிவைத்தபடி வாயைத் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பையன் மெஷினை ஒரு தட்டுத் தட்டினான், மகளிர் டிக்கெட்டைக் கிழித்து என் மடியில் போட்டான், பின்னால் போய்விட்டான். அந்தத் துண்டுத்தாள் இதோ இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உனக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எழுதி என்ன ஆகப்போகிறது, எந்தத் தபால்காரன் கொண்டுவந்து உன்னிடம் கொடுக்கப்போகிறான் என்று விட்டுவிட்டேன். இன்று இந்தத் தாளைப் பார்த்ததும் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால்தான் எனக்கு எழுத்து வரும் என்று உனக்குத் தெரியாதா? நீ காஷ்மீரில் இருந்தபோது நான் எழுதியதெல்லாம் திட்டுத்தானே. "உன் லெட்டர் வந்தா கேம்ப்புல குளிரே தெரியலக்கா, அவ்ளோ காரம்" என்று நீ பதில் போடுவாய்.

வேறு யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஒரு பஸ் ஸ்டாப்புக்கு, ஒரு சின்னப் பாலத்துக்குப் பேர் வைக்க இத்தனை பாடா என்பார்கள். அவர்களுக்கு எங்கே தெரியும்? மெயின் ரோட்டுக்கும் நம் காலனிக்கும் நடுவில் ஓடை. ஓடையின் கரையில் ஊர்க்காரர்களின் சுடுகாடு. அதில் நமக்கு ஒரு பிடி மண் கிடையாது. நாம் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில்தான் போய்ப் படுக்கிறோம். ஆனால் நாம் ஏறி இறங்குகிற ஸ்டாப்புக்குப் பேர் மட்டும் சுடுகாடு. எரிகிறவர்கள் அவர்கள், பேர் நமக்கு. என் அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகளிடம் வீடு எங்கே என்று கேட்டால், மழலையில் "சுடுகாடு" என்று சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போயிருந்தது.

உனக்கு மரக்கவில்லை. நீ பென்ஷனில் வந்த புதிதில் நாம் இரண்டு பேரும் திண்டிவனம் போய்த் திரும்பினோமே, நினைவிருக்கிறதா? தேய்த்த சட்டை, முறுக்கிய மீசை, காலில் பளபளவென்று பட்டாளத்து ஷூ. பஸ் ஓடையை நெருங்கியதும் கண்டக்டர் விசில் ஊதி, "சுடுகாடெல்லாம் முன்னாடி வா, ஜல்தி ஜல்தி!" என்று கத்தினார். நம் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு படிக்கட்டுக்குப் போனாள். நானும் எழுந்தேன். நீ எழவில்லை.

"எறங்குடா, ஸ்டாப்பு வந்துடுச்சி."

"அது என் ஸ்டாப்பு இல்லக்கா. நீ எறங்கு."

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, மண்டையைப் பிளக்கும் வெயிலில் நடந்து வந்தாய். வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபோது நான் விடவில்லை. "இன்னாடா, பட்டாளத்துல மார்ச் பண்ணது பத்தலையா? புத்தி தெரிஞ்ச நாள்ல இருந்து நான் அந்தப் பேர்லதான் எறங்கறேன். எனக்கு இன்னா கொறைஞ்சி போச்சி?" என்றேன். நீ ஷூவுக்குள் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "கொறைஞ்சது தெரியாத அளவுக்குக் கொறைஞ்சி போச்சிக்கா." எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு உனக்குச் சாப்பாடு போடும்போது தட்டைக் கொஞ்சம் வேகமாகத்தான் வைத்தேன்.

அப்போது பாலம் கிடையாது. தரையோடு தரையாக ஒரு தரைப்பாலம். நல்ல மழை பெய்தால் அதன்மேல் தண்ணீர் ஓடும், காலனி தீவாகிவிடும். பாலம் எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது வேறு ஆள் இல்லை.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் சேவியர் வந்தான். ஆரோக்கியமேரி அத்தையின் ஒரே பிள்ளை. நீ லீவில் வரும்போதெல்லாம் விடியற்காலையில் ரோட்டில் ஓடவிட்டு, தண்டால் எடுக்க வைத்து, பட்டாளத்துக்கு அனுப்பிய பிள்ளை. பனிச்சரிவில் போய்விட்டான். கொடி போர்த்திய பெட்டியோடு ராணுவ லாரி மெயின் ரோட்டில் வந்து நின்றது. தரைப்பாலத்தின் மேல் செக்கச்செவேலென்று தண்ணீர். அதிகாரிகள் குடை பிடித்துக்கொண்டு, தண்ணீர் வடியட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்தக் கரையில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அந்த லாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியை அழைத்துவர, தண்ணீர் ஏறுமுன்பே நீங்கள் எல்லாரும் அந்தக் கரைக்குப் போயிருந்தீர்கள். நீ யாரையும் கேட்கவில்லை. ஷூவோடு, சட்டையோடு ஓடையில் இறங்கினாய். உனக்குப் பின்னால் காலனியின் பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு கால் தாங்கித் தாங்கி நடக்கும் சின்னப்பன் மாமாகூட இறங்கினார். கூட வந்த இளம் சிப்பாய்கள் பெட்டியை உங்கள் தோளில் ஏற்றிவிட்டுத் தாங்களும் இறங்கினார்கள். மார்பளவு தண்ணீர். நடு ஓடையில் மாமா தடுமாறியபோது இந்தக் கரையில் இருந்த பெண்களெல்லாம் "மாதாவே!" என்று அலறினோம். பெட்டி சாயவில்லை. கொடியின் ஓரம்கூட நனையவில்லை. கரையேறி, அத்தையின் முன்னால் பெட்டியை இறக்கினீர்கள். அவள் பெட்டியைத் தடவி, "வந்துட்டியாடா கண்ணு" என்றாள். உன் மீசையில் இருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த அதிகாரிகள்தான் பாலம் கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னபடியே கட்டவும் செய்தார்கள். வருஷக்கணக்கில் மனு கொடுத்து வராத பாலம் அந்தப் பெட்டிக்காக வந்தது. அதனால்தான் பேர் விஷயத்தில் நீ அப்படிப் பிடிவாதமாக நின்றாய் என்று எனக்குத் தெரியும். சுடுகாட்டுப் பாலம் என்று அதையும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களே!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரையும் உட்கார வைத்தாய். சேவியர் பாலம் என்று பேர் வைக்கலாம் என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். அத்தை மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வேணாம்பா. எம் புள்ள பேர வச்சிட்டு அதுமேலயே நடந்து போய்க்கினு இருப்பீங்களா? லாரி ஏறும். மாடு சாணி போடும். குடிச்சவன் எச்சி துப்புவான். எல்லாம் எம் புள்ள மேலயா?"

வெளியூர்க்காரர்கள் யாராவது இருந்திருந்தால், பேர் வேறு, ஆள் வேறு என்று அவளுக்கு எடுத்துச் சொல்லியிருப்பார்கள். நமக்குத் தெரியும், நம் சனத்துக்குப் பேரும் ஆளும் ஒன்றுதான். நீ போய் அவள் காலடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாய்.

"சரி அத்தை. அவன் பேரு வேணாம். பட்டாளத்துக்குப் போன எல்லாருக்கும் சேத்து ஒரே பேரா வச்சிக்கலாம். பட்டாளத்துப் பாலம். அதுல யார் பேரும் அடியில வராது."

"எல்லாரும்னா?"

"நானுந்தான். என்ன மிதிச்சிக்கினு போங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"உன்ன மிதிக்கலாம்டா, நீ தாங்குவ" என்று அத்தை சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பட்டாளத்துப் பாலம் என்ற பேர் அப்படித்தான் பிறந்தது.

ஊர்ப் பக்கத்திலும் பட்டாளத்துக்குப் போனவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களும் இந்தப் பேரில் சேர்த்திதான் என்று நீயே போய்ச் சொல்லிவிட்டு வந்தாய். கிராம சபையில் எழுந்து பேசினாய். யாராவது வேண்டாம் என்று சொன்னார்களா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "நல்ல யோசனைதான்" என்றார் ஒருத்தர். "ஆனா காலனிக்குப் போற பாலத்துக்கு எதுக்குங்க பேரு?" என்றார் இன்னொருத்தர், ரொம்ப மரியாதையாக. மூன்றாமவர் தங்கள் தலைவர் பேரை வைத்தால் தாராளமாகக் கை தூக்குவதாகச் சொன்னார். பண்டிகை வந்தால் மிலிட்டரி கேன்டீன் சரக்கு கேட்டு உன் வாசலில் வந்து பல்லைக் காட்டுகிற கைகள் ஒன்றுகூட அன்றைக்கு மேலே வரவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

நீ விடுவாயா? பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு, திங்கட்கிழமையானால் மனுவோடு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறினாய். நானும் ஒரு தடவை கூட வந்தேன். அங்கே இருந்த அதிகாரி எழுந்து நின்று உனக்குக் கை கொடுத்தார். நாற்காலி போடச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். "சார், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா ரெண்டு தரப்பும் ஒத்து வரணும். பேருன்னு வந்தாலே ஒரு பிரச்சினை வரும். பிரச்சினை இல்லாம இருக்கணும், பாருங்க" என்றார். நீ டீயைக் குடித்து முடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, "பிரச்சினையே பண்ணாதவங்களுக்குத்தான் சார் பேர் கேக்கறோம்" என்றாய். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டைப் பொட்டலம் வாங்கி, கடலையை உரித்துத் தின்றுகொண்டே திரும்பி வந்தோம்.

பிறகு ஒருநாள் ஆட்கள் வந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வெள்ளையடித்து, கறுப்பு பெயின்ட்டில் ஒரு நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். நீ போய் நின்று பார்த்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு பின்னால் நின்றேன். "எனக்கும் பட்டாளத்துல நம்பர்தான்க்கா குடுத்தாங்க" என்று திரும்பினாய். "பாலமும் பட்டாளத்துல சேந்துடுச்சி போல." எனக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை.

அதற்கப்புறம்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. "போர்டு அவங்க கையில இருக்குதுக்கா. வாய் நம்ம கையிலதான இருக்குது" என்றாய். வீடு வீடாகப் போனாய். நாளையிலிருந்து பஸ்ஸில் யாரும் சுடுகாடு என்று டிக்கெட் கேட்கக் கூடாது, பட்டாளத்துப் பாலம் என்றுதான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாய். டிரில் வாத்தியார் மாதிரி என்னை நிற்கவைத்து, "எங்கம்மா?" என்று நீயே கண்டக்டராகிக் கேட்டாய். நான் முனகினேன். "சத்தமா!" என்று அதட்டினாய். சின்னவன் அதட்டுகிறான், நான் பயந்துகொண்டு கத்துகிறேன். நல்ல கூத்து!

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. "எங்க?" என்று கண்டக்டர் உன்னிடம் கேட்டார்.

"பட்டாளத்துப் பாலம் ஒண்ணு குடுங்க."

"அப்டி ஒரு ஸ்டாப்பே கெடையாதேங்க."

"இருக்குது. சுடுகாட்டுக்கு ரெண்டடி முன்னாடி."

பஸ்ஸே சிரித்தது. அடுத்த சீட்டில் இருந்த நம் பெண் ஒருத்தி, "எனக்கும் பட்டாளத்துப் பாலம்" என்றாள். பின்னால் இருந்து இன்னொருத்தி. ஆரோக்கியமேரி அத்தை, பதற்றத்தில் பேர் மறந்துபோய், "பட்டாளம் ரெண்டு குடு" என்றாள். "ஐயோ, இன்னாமா பேஜாரா போச்சி, மெஷின்ல ஓடைன்னுதான் வருது, நான் எங்க போயி பட்டாளத்தத் தேடுவேன்?" என்று கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மெஷினில் எது வந்தாலும் பரவாயில்லை, வாயில் அது வந்தால் போதும் என்றாய். தினமும் இதே பாட்டு. திட்டினார்கள், கேலி செய்தார்கள், ஒருத்தர் நிறுத்தாமலே அடுத்த ஸ்டாப்புக்குக் கொண்டுபோய் விட்டார். நீ அசரவில்லை.

கடைசியில் நரைத்த தலை கண்டக்டர் ஒருத்தர்தான் மனசு இறங்கி வந்தார். ஒருநாள் சாயங்காலம், பஸ் நெரிசலில் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பட்டாளமெல்லாம் முன்னாடி வா!" என்றார். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நம் பெண்கள் இறங்கிய இறக்கத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்தாய். நீதான் எல்லாருக்கும் கடைசியாக இறங்கினாய். பஸ் கண்ணுக்கு மறைகிறவரை ரோட்டோரத்தில் நேராக நின்றாய். நானும் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு ராத்திரி கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கிப் போட்டேன், மூன்று உருண்டை தின்றாய்.

அது நிலைத்துவிடும் என்றுதான் நினைத்தோம். அப்புறம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம் என்று வந்தது. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வானூர்ப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசுவாசம்! நானே முதல் நாள் அந்த டிக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீயும் சந்தோஷப்பட்டாய். ஒரு வாரம் கழித்துத்தான் உனக்கு உறைத்தது. பெண்களிடம் யாரும் எங்கே என்று கேட்பதில்லை. எங்கே போனால் என்ன, டிக்கெட் ஒன்றுதானே. கேட்டால்தானே சொல்ல முடியும்?

கேட்காவிட்டாலும் சொல்லுங்கள் என்று பெண்களிடம் கெஞ்சினாய். சொன்னார்கள், பாவம். "எங்க போனா இன்னாமா, ஃப்ரீதான, உக்காரு" என்று கண்டக்டர்கள் போய்விட்டார்கள். கேட்காத பதிலை எத்தனை நாள் சொல்வார்கள்? காலனி ஆம்பளைகள் எல்லாரும் பைக் வாங்கிவிட்டார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவன் நீ ஒருத்தன்தான் மிச்சம். நரைத்த தலை கண்டக்டரும் ரிட்டயர் ஆகிவிட்டார். புதிதாக வந்தவர்களின் வாயில் பழையபடி சுடுகாடு ஏறி உட்கார்ந்துவிட்டது. "நம்மள யாரும் அடிச்சித் தோக்கடிக்கலக்கா. நல்லது பண்ணித் தோக்கடிச்சிட்டாங்க. யார்கிட்டபோயி சண்ட போடறது?" என்று கேட்டாய்.

அந்தக் காலையைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. முகத்தில் பாதிக்குச் சோப்பு நுரையோடு, "யக்கா, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல். "எங்கம்மா வரணும்? ஒரு லேண்ட்மார்க் சொல்லுங்க."

என் வாய் வரை வந்தது, தம்பி. நீ நிற்கவைத்துக் கத்தச் சொல்லிக்கொடுத்த பேர் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்தப் பேர் தெரிந்திருக்குமா? அவளிடம் இருக்கிற மேப்பில் அது இருக்குமா? உன் கை என் முழங்கையை இறுக்கிக்கொண்டிருந்தது. "சுடுகாட்டு ஓடை" என்றேன். "சுடுகாட்டு ஓடை பாலம்மா, ஜல்தி வரச் சொல்லு." "தெரியும்மா, வண்டி கெளம்பிடுச்சி" என்றாள் உடனே. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

அந்தப் பார்வை என்னவென்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கோபமா, சரி விடு என்பதா, ஒன்றுமே காதில் விழவில்லையா? நான் தப்புச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நாளைக்கே மறுபடியும் அப்படி நடந்தால் அதையேதான் சொல்வேன். உன்னைவிட உன் பாலம் எனக்குப் பெரிதில்லை, போடா. வண்டி வேகமாகத்தான் வந்தது. ஆனாலும் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை. நர்ஸம்மா உன் கன்னத்தில் காய்ந்திருந்த சோப்பைப் பஞ்சால் துடைத்துவிட்டாள்.

நீ ஆசைப்பட்ட பேர் ஒரே ஒரு தடவை அச்சில் வந்தது. நம் ஆட்கள் உனக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடித்தார்களே, யூனிஃபார்மில் நீ விறைப்பாக நிற்கிற படம் போட்டு, அதில் கீழே "இடம்: பட்டாளத்துப் பாலம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பாலத்துக் கைப்பிடியில்தான் கட்டினார்கள், சரியாக அந்த நம்பரை மறைத்து. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அது இருந்தது. போகிற வருகிற வண்டிக்காரர்கள் எல்லாரும் படித்தார்கள். நான் தினமும் சாயங்காலம் போய் எதிர்ச் சுவரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு காற்றுமழை நாளில் அது அறுந்து போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து, யாரோ களத்தில் காயவைத்த மல்லாட்டைக் குவியலின்மேல் அது போர்த்தியிருந்ததைப் பார்த்தேன். உன் மீசையும் "பட்டாளத்துப்" என்ற எழுத்தும் தெரிந்தன. மழை மூட்டமாக இருந்தது. பாவம், அவர்களும் வேறு எதைப் போட்டு மூடுவார்கள்? கேட்க மனசு வராமல் வந்துவிட்டேன்.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. அங்கன்வாடியில் ஓய்வு பெற்றதும் திண்டிவனத்தில் ஒரு மழலையர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். தினமும் பஸ். ஒருநாள் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டி, "எனக்குக் காசு டிக்கெட்டே குடுப்பா. எங்கன்னு கேளு, நான் சொல்றேன்" என்றேன். அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். செஞ்சிப் பக்கத்துப் பிள்ளை, நல்ல பிள்ளைதான். "அம்மா, இந்த பஸ்ல உங்கள்ட்ட காசு வாங்கினா என் வேலைக்கு வேட்டும்மா. வச்சிக்கோங்க, பேரனுக்கு முட்டாய் வாங்கிக் குடுங்க" என்று என் கையை மூடிவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காசைக் கொடுத்துப் பேரைச் சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

சரி, அவன் கேட்காவிட்டால் போகட்டும் என்று, அவன் என்னைத் தாண்டும்போதெல்லாம் நானே சொல்ல ஆரம்பித்தேன். "பட்டாளத்துப் பாலம் ஒண்ணு." அவன் பாட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டுப் போவான். இறங்கும்போதும் சொல்வேன், "பட்டாளத்துப் பாலம், நிறுத்திக்கோப்பா." போன மாதம் ஒருநாள், "இன்னாமா டெய்லி பட்டாளம் பட்டாளம்ன்றீங்க, வூட்டுக்காரரு மில்ட்ரியா?" என்று கேட்டான். "தம்பி" என்றேன். முழுக்கச் சொல்லத்தான் ஆசை. சேவியரை, ஓடையை, அத்தையை, உன்னை எல்லாம் சொல்ல வேண்டும். அதற்குள் யாரோ பின்னால் இருந்து, "கண்டக்டரே, சில்லற!" என்று கத்தினார்கள். "தம்பி மில்ட்ரியா, சூப்பர்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இன்றைக்குக் கேளு. மடியில் டிக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனான் என்று சொன்னேன் இல்லையா? நான் கோபத்தில் வாயையே திறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் ஓடையை நெருங்கியது. அவன் விசில் ஊதினான்.

"சுடுகாடெல்லாம் முன்னாடி வா!"

நான் எழுந்தேன். முட்டி இப்போதெல்லாம் சட்டென்று நிமிர்வதில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்ததும் அவன் டிரைவர் பக்கம் திரும்பி, இன்னும் சத்தமாக, நிஜமான அக்கறையோடு கத்தினான்:

"அண்ணே, கொஞ்சம் நிறுத்திப் புடிங்க! பட்டாளத்தம்மா எறங்கணும்!"

நம் பெண்கள் எனக்கு வழி விட்டார்கள். "பட்டாளத்தம்மா, பாத்து எறங்கு" என்று ஒரு சின்னப் பெண் என் பையை வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் தெரிந்தது, இவன் மட்டும் இல்லை, எல்லாரும் ரொம்ப நாளாக என்னை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத்தான் உறைக்கவில்லை.

பாலத்துக்குக் கேட்ட பேரை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்டா. பஸ் போன பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அந்த நம்பர்மேல் முதுகை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். கீழே ஓடையில் துளித் தண்ணீர் இல்லை. பாலம் கல்லுமாதிரி நிற்கிறது, நீ போன மாதிரி நானும் போய், நம் பிள்ளைகளும் போன பிறகும் அது நிற்கும். நான் எத்தனை நாளைக்கு? என்னைக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில் வைக்கும்போது இந்தப் பேரையும் சேர்த்துத்தானே வைப்பார்கள்?

பாலம் சுமக்க வேண்டியதை என் தலையில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாய். அத்தை உன்னிடம் சொன்னாளே, தாங்குவாய் என்று, அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சுமந்துகொண்டுதான் இருக்கிறேன், நாளைக்கும் பஸ் ஏறுவேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். இதை எந்த ஸ்டாப்பில் இறக்கி வைப்பேன், அதை மட்டும் சொல்லு.

உன் அக்கா